சாவி சட்டைப்பையில்

பேய் என்று ஒன்று இருந்தால் அதற்கும் ஓர் அலைவரிசை இருந்தாக வேண்டும்; அலைவரிசை இருந்தால் கருவியில் பதிவாகியிருக்க வேண்டும்; இதுவரை பதிவாகவில்லை; ஆகவே பேய் இல்லை. வள்ளத்தில் ஏறியதுமே செபாஸ்டின் மகன் ரெக்சன் இதைப் பவுல் அண்ணாச்சியிடம் அறிவித்துவிட்டான்.

புது டவரின் சிக்னல் கடலுக்குள் எதுவரை எட்டுகிறது என்று அளப்பது அவன் வேலை. டவரடியில் பூட்டிய காருக்குள் ஒரு போன், தானாக அழைத்துக்கொண்டே இருக்கும். அவன் மடியில் சிக்னல் அளக்கும் கருவியும் இன்னொரு போனும்; அந்தப் போன் தானாக எடுக்கும். யாரும் பேச வேண்டியதில்லை.

வழியில் அண்ணாச்சிக்கு அவர் மகன் பெவின் போன் செய்தான். பெற்ற பிள்ளையிடமே "யாரு மகன்?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசினார். ரெக்சன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சந்தேகம்னா வீட்டுல போய்க் கேளுங்க அண்ணாச்சி."

அவர் சிரிக்கவில்லை. "கடல்ல கூப்பிடுதது யாருன்னு தெரியணும்லாடே. உசுரோட இருக்கவன்தான் தகப்பன் பேரச் சொல்லுவான். நம்மூரு ஜெப்ஸி புருசன் கேக்காமப் பேசினான். வள்ளம் மட்டுந்தான் கரைக்கு வந்துச்சு."

துறைமுகத்துக் கிரேன்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கி, டீசலும் காய்ந்த செதிலும் மணக்கும் பலகைக்கடியில் தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்த நேரத்தில், குறைந்துகொண்டே போக வேண்டிய சிக்னல் ஏறியது. கருவியை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டான். இன்னும் ஏறியது. டவரே மடியில் உட்கார்ந்திருப்பதுபோல.

அழைப்பு வந்தது. போன் தானாக எடுத்துக்கொண்டது, ஸ்பீக்கரில்.

பூட்டிய காருக்குள்ளிருந்து எஞ்சின் சத்தம். இந்த வள்ளத்தின் எஞ்சின். பலகையில் அலை அறையும் சத்தம்.

அண்ணாச்சி எஞ்சினை நிறுத்தினார். போனுக்குள் அது நிற்கவில்லை.

பிறகு மூச்சு.

கரையில், டவரின் சிவப்பு விளக்குக்குக் கீழே, இரண்டு வெள்ளைப் புள்ளிகள் எரிந்தன. அவன் கார். சட்டைப்பையைத் தொட்டான். சாவி இருந்தது.

புள்ளிகள் மெல்லத் திரும்பின. ஊர்ப்பக்கம். வீட்டில் அம்மா தனியாக.

ரெக்சன் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். உதடு மட்டும் அசைய, அண்ணாச்சிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, கேட்டான்.

"யாரு மகன்?"

"செபாஸ்டின் மகன்." தயக்கமே இல்லை. ரெக்சனுடைய குரலேதான்.

எதிர்ப்பலகையில் பவுல் அண்ணாச்சி, ரெக்சனையே பார்த்தபடி, கால்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.