ஊறும் கன்னம்

ரொட்டியை மென்றுகொண்டிருந்தபோது அவளுக்கு வலது காதின் முன்னால் வியர்த்தது. அங்கே மட்டும். தோலுக்கு அடியிலிருந்து யாரோ எச்சில் ஊறவிடுவதுபோல ஒரு வெதுவெதுப்பான ஈரம் கசிந்து, தையல் தழும்பின் மேட்டில் தேங்கி, தாடையோரமாகக் கழுத்துக்குள் இறங்கியது. துடைத்த துணியில் களிம்பு வாடையோடு ஒரு புளித்த நாற்றம். மெல்லும்போதெல்லாம் வலது கண்ணும் தானாக மூடித் திறந்தது.

“காலங்காத்தாலயே கண்ணடிக்கிற! பாப்பா பாக்குறா,” என்றான் கணவன்.

“சும்மா இருங்க. குமட்டுது எனக்கு.”

“நரம்பு திரும்ப வளர்றப்போ இடம் மாறி ஒட்டிக்கும்னு டாக்டர் சொன்னாரில்ல? சரியாயிடும்.”

பாப்பா அவளைப் பார்க்கவே இல்லை. அறுவை முடிந்து வீடு வந்ததிலிருந்தே, வலது பாதி சிரிக்காத அந்த முகத்தைக் கண்டு பயம். அருகில் வருவதில்லை, முத்தம் தருவதில்லை.

முகநரம்பைச் சுற்றி வளர்ந்திருந்த கட்டி புற்று இல்லை. ஆனால் முழுதாக எடுத்தால் நரம்பும் போகும், பாதி முகம் தொங்கிவிடும் என்றார் டாக்டர். நரம்பு பிழைக்க வேண்டுமானால் கட்டியை உரித்தெடுத்துவிட்டு, அதன் கடைசி மெல்லிய படலத்தை மட்டும் நரம்பின்மேலேயே விட்டுவைக்க வேண்டும். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாளெல்லாம் பிறர் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்து நிற்பவள். “மூஞ்சி போகக் கூடாது டாக்டர். அது இருந்துட்டுப் போகட்டும்,” என்றாள். எடுத்ததைக் குப்பியில் காட்டினார்கள். வெந்த மீனின் கண்போல வெளுத்து, வழுவழுவென்று இருந்தது.

அறுவையின்போது நரம்பை ஊசிமுனையால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்களாம். கன்னம் துள்ளும், கருவி ‘டொக்’ என்னும். உயிர் இருக்கிறது என்று பொருள்.

வாய் கொப்பளித்துவிட்டுக் குளியலறைக் கண்ணாடி முன் நிமிர்ந்தாள். வலது கன்னம் துள்ளியது.

டொக்.

வலது காதுக்குள்ளேதான் கேட்டது. கண்ணோரம் ஒரு துள்ளல். மூக்கோரம் ஒன்று. உதட்டோரம் ஒன்று. உள்ளேயிருந்து ஏதோ ஒன்று ஒவ்வொரு கிளையாகத் தொட்டுப் பார்த்தது.

விரலால் அழுத்தினாள். தோலுக்கடியில் கொழகொழவென்று நத்தைபோல நழுவி விலகியது.

பிறகு வலது புருவம் உயர்ந்தது. கண் மூடியது. திறந்தது. உதடு குவிந்தது. விரிந்தது. முகத்தசைப் பயிற்சிக்கு மருத்துவமனையில் சொல்லித்தந்த அதே வரிசை. அவள் அன்றைய பயிற்சியை இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

கதவு திறந்தது. பாப்பா.

வலது பாதி சிரித்தது. பழைய சிரிப்பு. அழகாக.

“ஐ! அம்மாவுக்குச் சிரிக்க வந்துடுச்சு!”

ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். இத்தனை நாள் ஏங்கிய கைகள் யோசிக்காமல் தூக்கிவிட்டன. சின்ன கை தழும்பைத் தடவியது.

“இந்தப் பக்கம் முத்தம் குடுக்கட்டா?”

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. உதடு குவிந்தபடியே இருந்தது.

டொக். இப்போது இடது காதில்.

பாப்பா கண்ணை மூடிக்கொண்டு வலது கன்னத்தை நோக்கிக் குனிந்தாள். பால் வாசம். மூச்சின் சூடு.

மெல்வதற்கு அவள் வாயில் ஒன்றுமில்லை. கன்னம் ஊறத் தொடங்கியது.