கேட்பவர் நீக்கப்பட்டது

நிரலைத் தொகுக்கும் பில்ட் முதல் ஓட்டத்திலேயே, ஒரு பிழையும் இல்லாமல் பச்சையாக முடிந்தது. அவளுக்கு அதுவே சரியாகப் படவில்லை. இத்தனை வருட வேலையில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

வேலை என்னவோ சின்னதுதான். அவர்கள் மென்பொருளை மற்றவர்கள் கூப்பிடும் ஏபிஐயின் ஒவ்வொரு மெத்தடும் 'கேட்பவர்' என்று ஓர் ஆர்க்யூமென்டை வாங்கிக்கொண்டிருந்தது. கூப்பிடுவது யார் என்ற தகவல் அது. வெளியாட்களுக்குக் காட்டும் மேப்பிங் பட்டியலில் அது தெரியக் கூடாதென்று மேனேஜர் உத்தரவு. விசிட்டிங் கார்டில் 'தொலைநோக்குத் தலைவர்' என்று போட்டிருந்த அவர் அடுத்த நாற்காலியைத் தாண்டிப் பார்த்ததில்லை.

பில்ட் ப்ளக்-இன்னில் அதை வடிகட்டும் விதியை எழுதியிருந்தாள். எந்தெந்த மெத்தட் என்று ஒவ்வொன்றாக அடிக்கச் சோம்பல்பட்டு, ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தாள். எல்லாம் என்று அர்த்தம்.

மாலை மீட்டிங்கில், ஏசியின் இரைச்சலுக்கும் ஆறிப்போன காபியின் புளித்த வாடைக்கும் நடுவே அவள் ஒரு யோசனை சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அருமை. யாரு சொன்னது?" என்றார் மேனேஜர்.

"நீங்கதான் சார்," என்றான் டெஸ்டர்.

அவர் அடக்கமாகச் சிரித்துக்கொண்டார். இது வழக்கம்தான் என்பதால் அவள் பயப்படவில்லை.

லிஃப்டில் ஒருவர் அவள் காலை மிதித்துக்கொண்டு நின்றார். "கால்!" என்றாள். காலை எடுத்தார். யார் சொன்னதென்று திரும்பவில்லை. வலி எங்கோ தூரத்தில் இருந்தது.

வீட்டில் கணவன் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, வந்துட்டேன்."

"காத்துல கதவு தொறந்துடுச்சு," என்று மகளிடம் சொல்லிவிட்டு எழுந்து சாத்தினான். அவள் தோளை உரசிக்கொண்டுதான் போனான்.

மடிக்கணினியைத் திறந்தாள். விதியை அழித்தாள். பில்டை ஓட்டினாள்.

திரையில் சிவப்பாக வந்தது: கேட்பவர் இல்லை. நிறுத்தப்பட்டது.

மறுபடியும்.

கேட்பவர் இல்லை.

விரல்கள் மரத்திருந்தன. அழலாமா என்று யோசித்தாள். அழுகை வரவில்லை.

மகள் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். யாராவது ஊட்டினால்தான் அவளுக்கு இறங்கும். இவளே கரண்டியை எடுத்து ஊட்டினாள். குழந்தை மென்றது.

"அப்பா, யாருப்பா ஊட்டுறது?"

"யாரும் இல்லடா. பேசாம சாப்பிடு."

"செல்லம், நான்தான்டி, அம்மா," என்றாள்.

கன்னத்தைத் தொட்டாள். குழந்தை அந்த இடத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டது. பிறகு, அவள் முகத்துக்கு நேராக, அதற்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தபடி, அடுத்த வாய்க்காக அண்ணாந்து காத்திருந்தது.