மூன்று தந்தியில் ஒரு மெட்டு

போட்டிக்கு இன்னும் நாற்பது நிமிடம்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஃபின்டனின் தம்பிக்குப் பசித்தது. சாண்ட்விச் டப்பாவை எட்டி எடுக்க, காரின் பின் சீட்டில் கிடந்த எதன் மீதோ ஏறி நின்றான். அது ஃபின்டனின் கான்சர்டினா.

கைக்குள் அடங்கும் அந்தத் துருத்திப் பெட்டி ஒரு தடவை முனகிவிட்டு அடங்கியது. துருத்தி கிழிந்தே போயிற்று.

"நான் வேணும்னு பண்ணல," என்றான் தம்பி, வாய் நிறையச் சாண்ட்விச்சோடு.

ஃபின்டன் அழவில்லை. ஆனால் மூக்கு மட்டும் சிவந்துவிட்டது.

ஓர்லாவும் அவனும் அயர்லாந்தின் டோனிகாலில் ஒரே தெரு. அவள் பிடில், அவன் கான்சர்டினா. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் இருவர் சேர்ந்து வாசிக்கும் போட்டிக்காக ஆறு மாதம் பழகியிருந்தார்கள். முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் ஆகஸ்டில் அகில அயர்லாந்து விழாவுக்குப் போகலாம். அடுத்த வருடம் இருவருக்குமே வயது தாண்டிவிடும்.

"வா, கடன் கேப்போம்," என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள் ஓர்லா.

அன்று மோனகனில் அல்ஸ்டர் வட்டார இசைவிழா. தூறலில் நனைந்துகொண்டே தெருவெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியம் இல்லாத ஆளைத்தான் அங்கே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்! மூன்றாவதாகக் கேட்ட மனிதரே தன் கான்சர்டினாவைக் கையிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"நூறு வருஷத்துப் பெட்டி தம்பி. அது மேல யாரும் ஏறி நிக்காமப் பாத்துக்கோ. அது போதும்."

போட்டி நடக்கும் பள்ளிக்கூடத்தின் நடையில் நின்று இருவரும் சேர்ந்து வாசித்துப் பார்த்தார்கள். நாலு சுரம் போவதற்குள் கூட வந்திருந்த ஓர்லாவின் அப்பா காதைப் பொத்திக்கொண்டார்.

பெட்டியில் குறை ஒன்றுமில்லை. அந்தக் காலத்துப் பெட்டி, சுருதி இப்போதுள்ளதைவிடக் கொஞ்சம் மேலே நின்றது. உள்ளேயிருக்கும் உலோக நாக்குகளை நினைத்தபடி இறக்க முடியாது.

"நான் விலகிக்கிறேன்," என்றான் ஃபின்டன். "நீ மதியம் தனிப் போட்டியில வாசி."

"உன் பெட்டி இறங்கி வராது. என் பிடில் ஏறி வரும். அப்போ யாரு நகரணும்?" என்றபடி ஓர்லா தந்தியை முறுக்கும் பிருடையைப் பிடித்தாள்.

"வேண்டாம் கண்ணு," என்றார் அப்பா. "மேல் தந்தி பழசு, முறுக்கினா அறுந்துடும். மாத்துத் தந்தியும் கொண்டு வரல. மதியம் என்ன பண்ணுவே?"

"மதியத்தை மதியம் பாத்துக்கலாம்பா. இவன் இப்போ அழப்போறான்."

"நான் ஒண்ணும் அழல," என்றான் ஃபின்டன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

ஓர்லா கொஞ்சம் முறுக்குவாள், நிறுத்துவாள், காது கொடுத்துக் கேட்பாள், மறுபடியும் கொஞ்சம் முறுக்குவாள். நாலு தந்தியும் ஒவ்வொன்றாக மேலேறிப் பெட்டியின் சுருதியோடு சேர்ந்தன. மேல் தந்தியை முறுக்கும்போது மூவரும் மூச்சுவிடவில்லை. அது அறுந்துபோகவில்லை.

மேடையில் முதல் மெட்டு நன்றாகவே போனது. அடுத்தது ரீல் என்னும் வேகமான ஆட்ட மெட்டு, குதிரை ஓட்டம். அதைப் பாதி வாசித்திருப்பார்கள். 'டங்!' மேல் தந்தி அறுந்து ஓர்லாவின் கன்னத்தை உரசிக்கொண்டு தொங்கியது.

அந்த மெட்டின் மிச்சப் பாதி முழுக்க மேல் தந்தியில்தான் இருந்தது. ஆனால் ஓர்லாவின் வில் நிற்கவில்லை. டோனிகாலில் இரண்டு பிடில் சேர்ந்தால் ஒன்று மேலே பாடும், இன்னொன்று அதே மெட்டைக் கீழ் ஸ்தாயியில் பாடும். வீட்டில் எப்போதும் கீழே வாசிப்பவர் அப்பாதான். அவர் விரல் போகும் வழி ஓர்லாவுக்குக் காதிலேயே இருந்தது.

"நீ மேலேயே போ!" என்று ஃபின்டனிடம் கிசுகிசுத்துவிட்டு அவள் கீழே இறங்கினாள்.

மேலே கான்சர்டினா துள்ளியது. அடியில் பிடில் கனமாக உறுமியது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த டோனிகால்காரர்கள் "யூப்!" என்று கத்தியே விட்டார்கள். ஃபின்டன் சிரித்துக்கொண்டே வாசித்தான்.

முடிவு சொல்ல எழுந்த நடுவரம்மா கேட்டார்: "ரீலின் பாதியில் பிடில் கீழே இறங்கியதே, அது யாருடைய யோசனை?"

"எங்க யோசனைதாங்க," என்றான் ஃபின்டன். அதே நேரத்தில், "தந்தி அறுந்துடுச்சுங்க," என்றாள் ஓர்லா.

கூடம் சிரித்து அடங்க ஒரு நிமிடம் ஆனது. இரண்டாம் இடம்! ஃபின்டனின் தம்பி நாற்காலி மீது ஏறிக் குதித்தான். நல்லவேளை, அது வெறும் நாற்காலி.

அப்பா ஓடிப்போய்ப் புதுத் தந்தி வாங்கி வந்தார். புதுத் தந்தி சும்மா இருக்குமா? மதியத் தனிப் போட்டியில் அது தளர்ந்துகொண்டே இருந்தது. ஓர்லாவுக்கு நான்காம் இடம்தான். பத்து நிமிடம் வருத்தப்பட்டாள். அப்புறம் ஃபின்டன் சிப்ஸ் வாங்கி வந்து, பெரிய பொட்டலத்தை அவளிடம் கொடுத்தான்.

சிப்ஸ் கடை வாசலில் அப்பா யாரோ ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எம்பொண்ணு மூணே தந்தியில வாசிச்சு ஜெயிச்சா!" அடுத்து வந்தவரிடம் அது இரண்டு தந்தியானது. கார் நிறுத்துமிடத்துக்குப் போவதற்குள் ஒரே ஒரு தந்தி.

"அப்பா! மூணு தந்தி!" என்றாள் ஓர்லா.

"எனக்குத் தெரியாதா கண்ணு? பக்கத்துல நின்னு பாத்தவன்தானே நான். ஆனா மூணுன்னு சொல்லும்போது எனக்கே போதலையே!"

ஓர்லா அதற்குமேல் திருத்தவில்லை. அடுத்தவர் வருவதைப் பார்த்ததும், பிடில் பெட்டியை எல்லார் கண்ணிலும் படும்படி தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.