கோல் காப்பாளரின் அட்டையில் ஈரம்

அந்த ஓர் அட்டையில் மட்டும் ஏன் ஈரம் படிகிறது என்பது ஹாஷிமுக்குப் பிடிபடவில்லை. மற்றக் கால்பந்து அட்டைகள் எல்லாம் அதே ஆல்பத்தில் அப்பளமாய்க் காய்ந்து கிடந்தன. இந்தக் கோல் காப்பாளரின் பிளாஸ்டிக் உறைக்குள் மட்டும், படத்திலிருப்பவன் வாய்க்கு நேரே, ஐந்து ரூபாய்க் குற்றியளவு வெண்ணாவி. திகன ஊரில் மழை பிடித்தால் சுவரே வியர்க்கும். ஆனால் ஈரம் ஓரத்திலிருந்துதான் உள்ளே ஊறும். இது நடுவில் தொடங்கியது.

அட்டை பக்கத்து வீட்டு நஸீபுடையது. அரை நூற்றாண்டுக்கு முன் சுயிங்கம் பக்கற்றோடு வந்தது. பேர்போன வீரர்களை எல்லாரும் பத்திரப்படுத்தினார்கள். ஒரேயொரு ஆட்டம் ஆடிய இவனைக் குப்பையில் போட்டார்கள். அதனால்தான் இன்று இவன் அபூர்வம். ஹாஷிம் இருபது வருடம் தேடியும் கிடைக்காதவன், சேர்க்கத் தொடங்கி மூன்றே மாதமான நஸீபுக்குத் தெல்தெனியவில், பழைய பிஸ்கற் டின்னொன்றில் கிடைத்தான்.

"நானா, உங்களுக்குத்தான் கண் இரிக்கி. அசலா, செல்லுங்க." நாலு நாளைக்கு முன் நஸீப் அட்டையை நீட்டினான்.

ஹாஷிம் பூதக்கண்ணாடியை வைத்தான். நகலில் மைப்புள்ளிகள் மணல் தூவியதுபோல் கலைந்திருக்கும். இதில் வரிசையாக, சின்னச் சின்னப் பூக்களாக நின்றன. அசல். அவன் கண்ணாடியைக் கீழே வைத்தான்.

"நகல் தம்பி. என்னோடயே கிடக்கட்டும்."

"பணக்காரனாகிட்டோம் எண்டு வீட்டுல ரிப்காக்கிட்டச் செல்லிட்டேனே!" நஸீப் சிரித்துக்கொண்டே போனான்.

அன்று மாலை ஹாஷிம் அட்டையை உறையிலிட்டு, வழக்கப்படி விரலால் நீவிக் காற்றை வெளியேற்றினான். அதே மாலை நஸீபுக்கு மூச்சு முட்டியது. நாலு நாளாகப் பேராதனை ஆஸ்பத்திரியில், வார்ட்டில்.

இன்றும் பின்னேரத்து அசர் தொழுதுவிட்டு, ஆசை தீரப் பார்க்க அட்டையை உறையிலிருந்து வெளியே எடுத்தான். கூரையில் மழை. தொலைபேசி அடித்தது. நஸீபின் மனைவி ரிப்கா.

"டொக்டர்மாருக்கே வெளங்கல்ல நானா. அசருக்குப் பொறகு கொஞ்ச நேரம் நல்லம். பொறகு ஆரோ வாயப் பொத்தின மாதிரி."

பின்னால் நஸீபின் குரல், தெளிவாக: "நானாவா? ஸலாம் செல்லுங்க."

ஹாஷிம் கையிலிருந்த அட்டையைப் பார்த்தான். மெல்ல உறைக்குள் நழுவவிட்டான்.

இருமல். உறையில் ஆவி.

வெளியே எடுத்தான். இருமல் நின்றது.

"நானா," என்றாள் ரிப்கா, "அட்டைட போட்டோவப் பாத்து, கண்டியில ஒருத்தர் அசல் எண்டாராம். நாளைக்கு அதக் கொண்டாந்து தர ஏலுமாண்டு இவர் கேக்கறார்."

மழை இரைந்தது.

ஹாஷிம் அட்டையை உள்ளே தள்ளினான். நீவினான். உறையின் வாயில் டேப் ஒட்டினான்.

ரிப்கா அலறினாள்.

உள்ளிருந்து ஐந்து விரல்நுனிகள் பிளாஸ்டிக்கில் அழுந்தின. வெளுத்தன. வழுக்கின.

இன்னொரு சுற்று டேப்.

ஆவி சுருங்கியது. புள்ளியானது. மறைந்தது.

காற்றுப் போகும் வழியை முழுதாக அடைத்துவிட்டால், ஈரம் படிவதில்லை.