ஏழாவது ரேக்கின் முன் நிற்பது

ஏழாவது ரேக்கில் காற்று அடைபட்டிருப்பதாகத் திரை சொன்னது. ஆனால் அடைப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

மேலாளர் இரண்டு தடவை சர்வர் ரூமுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ரேக்கின் முன்பக்கம் துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருந்தது. ரேக்கில் அடுக்கிய மெஷின்கள் முன்பக்கமாகக் குளிர்ந்த காற்றை உறிஞ்சிப் பின்பக்கமாகச் சூட்டைத் துப்பும். முன்னால் எதையாவது வைத்து மறைத்தால் ஃபேன்களுக்கு மூச்சிரைக்கும், சூடு ஏறும், அந்த இடத்து சென்சார் திரையில் சிவப்புக் கட்டமாகும். இன்று ஃபேன்கள் தொண்டை கிழியக் கத்தின. மறைக்கும் பொருளைத்தான் காணோம்.

மணி மூன்று. நாலு மணிக்கு விசாரணை அதிகாரிகள் வந்து அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நேரம் பார்த்து அதே ரேக்கில் அதே எச்சரிக்கை மின்னினால் போன மாத விபத்தை முதலிலிருந்து தோண்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

மூன்றாம் தடவை போகும்போது காவலாளி பல்லைக் காட்டினார். "என்ன சார், உங்க மெஷினுக்கு இன்னிக்கும் ஆஸ்துமாவா?"

"உன் வேலையைப் பாருய்யா."

"பாத்துக்கிட்டுதான் சார் இருக்கேன். அந்தம்மா காலையிலேருந்து உக்காந்திருக்காங்க. ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்களேன்."

நூலண்ணனின் மனைவி அதற்குள் எழுந்து வந்துவிட்டார். நூலண்ணன் இங்கே டெக்னீஷியனாக இருந்தவர். பேனா முனையில் ஒரு துண்டு நூலைக் கட்டி ரேக் ரேக்காகப் பிடிப்பார். நூல் உள்ளே இழுபட்டால் காற்று ஓடுகிறது, தொங்கினால் அடைப்பு. பெயர் அப்படி வந்ததுதான்.

"தம்பி, அந்தப் பெட்டிங்கள அங்க வச்சது அவர் இல்லன்னு ஒரே ஒரு வரி எழுதுங்க. வேற எதுவும் கேக்கல. உங்கப்பாவாலதான் தீப்பிடிச்சுதுன்னு சொல்றாங்கன்னு பொண்ணு ஸ்கூலுக்கே போக மாட்டேங்குது. நீங்க எங்க வீட்ல சாப்பிட்டவரு."

"அறிக்கை என் கையில இல்ல அண்ணி."

அறிக்கை அவர் கையில்தான் இருந்தது, நீல ஃபைலுக்குள்.

ஏழாவது ரேக்கின் முன் பெட்டிகளை வைக்கச் சொன்னவரும் அவரே. புது மெஷின்கள் வந்த அட்டைப் பெட்டிகள், ஆள் உயரத்துக்கு. "எடுத்துடலாம் தம்பி, அதுக்கு மூச்சு முட்டுது" என்று நூலண்ணன் மூன்று தடவை சொன்னார். நாளைக்குப் பார்க்கலாம் என்று மேலாளர் எச்சரிக்கை மணியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். ரேக் புகைந்தது. தீயை அணைக்கும், ஆளின் மூச்சையும் அடைக்கும் வாயு அறையை நிரப்ப, சரிந்த பெட்டிகள் வழியை அடைத்தன. உள்ளே மாட்டிக்கொண்ட நூலண்ணனிடமிருந்து நாலு அழைப்பு வந்தது. மேலாளர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டார். மறுநாள், 'பெட்டிகளை வைத்தவர் இறந்தவரே' என்று எழுதினார்.

நாலு பெட்டியை நகர்த்தியிருந்தால் ஓர் உயிர் நின்றிருக்கும். ஒரு வரி எழுதினால் இப்போதும் ஒரு பெயர் நிற்கும். கடவுள் நம்மிடம் கேட்பது பெரும்பாலும் இவ்வளவு சின்னதாகத்தான் இருக்கிறது.

சர்வர் ரூமின் கனத்த கதவு அவருக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. ஜன்னலில்லாத அந்த நீண்ட அறையில் பகலும் ராத்திரியும் ஒரே வெள்ளை வெளிச்சம்தான். எத்தனை தடவை கழுவியும் போகாத கருகிய பிளாஸ்டிக் வாடை, குளிரோடு குளிராக மூக்கில் ஏறியது. வேறு வழி தெரியாமல் சட்டைக் கையிலிருந்து ஒரு நூலை இழுத்து அறுத்துப் பேனாவில் கட்டினார்.

முழங்கால் உயரத்தில் பிடித்தார். நூல் தொங்கியது. ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். விருட்டென்று உள்ளே இழுபட்டது. இடுப்பு உயரத்திலும் அப்படியே: நடுவில் தொங்கல், ஓரத்தில் இழுப்பு. மேலே போகப் போகத் தொங்கும் இடம் அகன்றது. பிறகு சட்டென்று கழுத்தளவுக்குக் குறுகியது. அதற்கு மேல் ஒரு தலையளவுக்கு உருண்டையானது. இடது தோள் மட்டும் கொஞ்சம் சரிந்திருந்தது. வருஷக்கணக்காகக் கருவிப் பையைச் சுமந்த தோள்.

தலையிருந்த இடத்தில் நூல் தொங்கவில்லை. மெல்ல அவர் பக்கம் வந்தது. திரும்பிப் போனது. மறுபடி வந்தது.

மேலாளர் சுவரிலிருந்த திரையைப் பார்த்தார். ஏழாவது ரேக்கில் சிவப்புக் கட்டங்கள் சேர்ந்து ஓர் ஆளாக நின்றன.

ஏழு பச்சையானது. ஆறு சிவந்தது. ஃபேன்கள் அலறின. ஐந்து. அலறல் நகர்ந்தது. நாலு. மூன்று. கதவை ஒட்டிய முதல் ரேக்கில் வந்து நின்றுகொண்டது.

"அண்ணே." அக்குளில் இடுக்கியிருந்த நீல ஃபைலை எடுத்தார். "எழுதிடறேன் அண்ணே. இப்பவே எழுதிடறேன்."

எல்லா ஃபேன்களும் தணிந்தன. அந்த உருவம் அசையாமல் நின்றது, காத்திருக்கிறவர் நிற்பது போல. மேலாளர் ஃபைலைத் திறந்தார். அந்த வரியின் மேல் பேனாவை வைத்தார். அடித்து மாற்ற மூன்று சொல் போதும். நிமிர்ந்தார். திரை முழுக்கப் பச்சை. ஒரு சிவப்புக்கூட இல்லை.

மணி மூன்றே முக்கால். பயத்தில் கண்டதையும் பார்த்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். பேனா இன்னும் காகிதத்தைத் தொட்டபடி இருந்தது. அவர் அதை எடுத்தார். மூடியைப் போட்டார். ஃபைலையும் மூடினார்.

காதருகே ஒரு ஃபேன் வீறிட்டது. பின்வாங்கினார். முதுகு ரேக்கில் இடித்தது. நகர முடியவில்லை.

திரையில் இரண்டு பேர் நின்றார்கள்.

குட்டையானது அவர். அதை ஒட்டி, இடது தோள் சரிந்த இன்னொன்று. அதன் உடம்பிலிருந்து ஒரு சிவப்புக் கோடு கட்டம் கட்டமாக நீண்டது. தோள். முழங்கை. விரிந்த உள்ளங்கை. குட்டையானதன் வாய் இருந்த இடத்தில் வந்து படிந்தது.

மூச்சை இழுத்தார். வரவில்லை.

மறுபடி இழுத்தார்.

திரையில் அந்தக் கை எடுக்கப்படவில்லை.