பாவற்காய்ச் சட்டம்

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணியளவில், மல்வேர்னில் ஒரு டவுன்ஹவுசின் பின்வளவில், பார்பிகியூ அடுப்புக்குப் பக்கத்திலேயே ஜனார்த்தன் சரிந்து விழுந்தான். கையில் பாதி கடித்த கோழிக் குச்சி. உதட்டோரம் சட்னி. முகம் பணிஸ் மாதிரி ஊதி, மூச்சு விசிலடித்தது. கூட நின்ற நண்பன் கஸ்பர் அவனுடைய பையைத் தலைகீழாகக் கொட்டி, ஒவ்வாமைக்கு வைத்திருந்த ஊசியைத் தேடி எடுத்துத் தொடையில் குத்தினான். அம்புலன்ஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது.

ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. ஆள் தப்பிவிட்டான், இரவு அங்கேயே வைத்துப் பார்க்கப் போகிறார்கள். ஜனார்த்தனுக்குக் கச்சான் ஆகாது, சட்னிக்குள் கச்சான் இருந்திருக்கிறது. அதே தொலைபேசியில் அவனுடைய அப்பா சண்முகநாதனின் குரலும் வந்தது. "சட்னி அரைச்ச உவனைச் சும்மா விடமாட்டன். திங்கட்கிழமை விடியவே உவன் படிக்கிற கொலிச்சிலை போய் நிப்பன். பிறகு பொலிஸ்."

உவன் என்றது முகிலனை. ஈரோட்டிலிருந்து படிக்க வந்த பையன். இந்த வீட்டு நிலக்கீழ் பேஸ்மென்றில்தான் வாடகைக்கு இருந்தான். படிப்பதற்கென்று கொடுத்த விசாவில் இருப்பவன் மேல் இப்படி ஒரு புகார் விழுந்தால் அவன் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்காரி யோகமலர் யூனியன்வில்லில் இருந்த மகளுக்குப் போன் அடித்தாள். "றஜி, கெதியா வாம்மா. செத்த வீடு மாதிரிக் கிடக்கு."

மகள் றஜிதாவுக்குக் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை. தானாக எரிந்த கடைகள், தானாக மரத்தில் மோதிய கார்கள் என்று ஆட்கள் கொண்டுவரும் கதைகளைத் துருவிப் பார்ப்பதுதான் அவளுடைய உத்தியோகம். வீட்டில் அவளுக்குத் தேங்காய்த் திருவலை என்று பட்டப்பெயர். பட்டம் வைத்தவன் தம்பி திலக்சன்.

அவள் வந்தபோது குசினி மேசையைச் சுற்றி மூன்று பேர் தலையைத் தொங்கப்போட்டபடி இருந்தார்கள். அம்மா, திலக்சன், கஸ்பர். முகிலன் கீழே இருந்தான். அம்மா தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு, பழக்க தோஷத்தில் சுவர்த் தட்டிலிருந்து பழைய ஹோர்லிக்ஸ் போத்தலை எடுத்தாள். அதன் மேல் 'கருவாடு' என்று சிறுபிள்ளைக் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே கருவாடு ஒருநாளும் இருந்ததில்லை. நாலு கச்சானை உள்ளங்கையில் கொட்டியவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது; சுட்டதுபோல திரும்பப் போத்தலுக்குள் போட்டு மூடினாள்.

"நான்தான் உவனுக்குப் பிளெண்டரைக் குடுத்தனான்" என்றாள் அம்மா. "என்ன அரைக்கிறாய் எண்டு எட்டிப் பாத்திருந்தால்..."

"நான்தான் அன்ரி ஊசி தேடிச் சுணங்கினது" என்றான் கஸ்பர்.

திலக்சன் நிமிரவில்லை. "எல்லாம் என்னாலைதான் அக்கா."

நல்ல வழக்குத்தான். குற்றவாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. தம்பி எதைச் சொல்கிறான் என்று றஜிதாவுக்கு விளங்கியது. அல்லது விளங்கியதென்று நினைத்தாள்.

விஷயம் இதுதான். திலக்சன் 'நங்கூரம்' என்ற சங்கத்தின் தலைவர். கல்லூரித் தமிழ்ப் பையன்களின் பிரட்டேர்னிற்றி, அதாவது சகோதர சங்கம், அது. மற்றச் சங்கங்கள் போலப் பெயரில் கிரேக்க எழுத்துக் கிடையாது. நங்கூரம் போட்ட கறுப்பு ரீசேட் உண்டு. செப்ரெம்பரில் வரப்போகும் புதுப் பையன்களைக் கோடையிலேயே வளைத்துப் பிடிக்க மூன்று நிகழ்ச்சிகள் திட்டம் போட்டிருந்தார்கள். முதலில் பார்க்கில் பார்பிகியூ, பிறகு ஒரு கிரிக்கெற் மட்ச், கடைசியில் ஏரியில் படகு. எல்லாவற்றுக்கும் பொறுப்பு ஜனார்த்தன். இன்றைக்கு நடந்தது பார்பிகியூவுக்கு ஒத்திகை. என்ன சமைக்கலாம் என்று ருசி பார்க்கக் கூடியிருந்தார்கள். சமையல், சங்கத்துக்குப் புதிதாக வந்த முகிலன்.

நங்கூரத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. கூட்டத்திலோ நிகழ்ச்சியிலோ ஆங்கிலம் வாயில் வரக்கூடாது. பஸ், போன் போன்ற சில்லறைச் சொற்களுக்கு மட்டும் விலக்கு. மற்றப்படி வந்தால், ஒரு கோப்பை பச்சைப் பாவற்காய்ச் சாறு, ஒரே மூச்சில். சட்டத்தைக் கொண்டுவந்தவன் திலக்சன். இங்கே பிறந்து வளர்ந்த பையன்கள் பாவற்காய்க்குப் பயந்து தட்டுத்தடுமாறித் தமிழ் பேசினார்கள். சட்டம் வந்த நாளிலிருந்து யோகமலரின் குளிர்சாதனப் பெட்டியில் பச்சை நிறச் சாடி ஒன்று குறையாமல் இருந்தது.

"சட்டத்தை விடு" என்றாள் றஜிதா. "கஸ்பர், நீ சொல்லு. ஜனா விழ முதல் என்ன கதைச்சவை? ஒரு சொல்லும் விடாதை."

"ஜனா குச்சியை எடுத்தவன். சட்னியைக் காட்டி, 'உதுக்குள்ளை கச்சான் இருக்கோ?' எண்டு கேட்டவன்."

"முகில்?"

"'சேச்சே, அதெல்லாம் இல்லைங்க, வெறும் கடலைச் சட்னிதான்' எண்டவன். ஜனா சிரிச்சுப்போட்டு அள்ளித் திண்டவன். மாதாவே! முகத்துக்கு நேரை பொய், அக்கா."

"சமைக்கேக்கை ஏதும் வித்தியாசமாக் கண்டனியோ?"

கஸ்பர் யோசித்தான். "ஓம். அடுப்புக் கம்பியைத் தேசிக்காய் பிழிஞ்சு தேய் தேய் எண்டு தேய்ச்சவன். அதுவும் சமைக்க முதல்! சமைச்ச பிறகு தேய்க்கிற ஆக்களையே நான் நங்கூரத்திலை காணேல்லை."

றஜிதா குப்பைக் கூடையைத் திறந்தாள். மேலேயே கிடந்தது வெறும் பைக்கற். உள்ளே என்ன இருந்ததென்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. வேண்டுமென்று செய்தவன் இதை இப்படி எல்லோரும் பார்க்கப் போடுவானா? அவள் பைக்கற்றை எடுத்துக்கொண்டு பேஸ்மென்றுக்கு இறங்கினாள்.

முகிலன் கட்டிலில் சூட்கேசைத் திறந்து வைத்துச் சேட்டுகளை மடித்துக்கொண்டிருந்தான். அழுது முடித்த முகம்.

"அக்கா, சத்தியமா நான் மீன் எதுவும் சேர்க்கலைங்க்கா" என்றான் எடுத்த எடுப்பில். பிறகு தானே தலையை ஆட்டினான். "இல்லை, இப்பத் தெரிஞ்சுடுச்சு. அந்த அம்புலன்ஸ்காரர் சொன்னப்பத்தான் தெரிஞ்சுது."

"சட்னிக்குள்ளை என்ன போட்டனீர்?"

"கடலை, தேங்காய், பச்சமிளகாய்."

"என்ன கடலை?"

"கடலைன்னா கடலைதாங்க்கா. வேர்க்கடலை." அவள் கையிலிருந்த பைக்கற்றைக் காட்டினான். "இதான்."

றஜிதா படியிலேயே குந்திவிட்டாள். அட கடவுளே! யாழ்ப்பாணத்தார் கச்சான் என்று சொல்கிற சாமானுக்கு ஈரோட்டில் பெயர் கடலை. யாழ்ப்பாணத்தார் கடலை என்றால் கோயில் வாசலில் அவித்து விற்கிற கொண்டைக்கடலை. ஜனார்த்தன் ஒன்றைக் கேட்டான், முகிலன் வேறொன்றுக்குப் பதில் சொன்னான். பதில் வந்ததும் ஜனார்த்தன் மூன்றாவதாக ஒன்றை நினைத்துச் சாப்பிட்டான். பொய் சொன்னவர் யாருமில்லை. ஆங்கிலத்தில் ஒரேயொரு சொல் சொல்லியிருந்தால் போதும். பாவற்காய்க்குப் பயந்து ஒருத்தரும் சொல்லவில்லை.

அவளுக்கு நெஞ்சு லேசானது. ஓடிப்போய்ச் சண்முகநாதனுக்குப் போன் போட்டாள்.

"அங்கிள், அவருக்குக் கச்சான் எண்ட சொல்லே தெரியாது."

"தெரியாட்டிக் கேக்கிறதுதானே, பிள்ளை?" கிழவர் அசையவில்லை. "உவன் வந்த முதல் கூட்டத்திலையே என்ரை பிள்ளை சொன்னவன், தனக்குக் கச்சான் ஆகாது எண்டு. விளங்காட்டி வாயைத் திறந்து கேக்கவேணும். கேக்காமல் ஒரு உயிரோடை விளையாடினவனை நான் விடேலாது."

போனை வைத்த பிறகும் அவர் சொன்னது காதுக்குள் நின்றது. கேட்பதுதானே? நியாயமான கேள்வி. அதோடு இன்னும் இரண்டு விஷயம் முள்ளாகக் குத்தின. கச்சான் வழக்கில் மீன் எங்கிருந்து வந்தது? சமைக்க முன்னமே ஏன் கம்பியைத் தேய்த்தான்?

அவள் மறுபடி கீழே இறங்கினாள்.

"முகிலன், அடுப்புக் கம்பியை ஏன் தேய்ச்சனீர்?"

"போன வாரம் அதுல மீன் சுட்டோம்லங்க்கா. வாசம்கூட இருக்கக் கூடாதுன்னுதான். ஜனாவுக்கு அந்தக் கச்சான் கருவாடு ஆகாதுன்னு..." அவன் வாயை மூடிக்கொண்டான்.

றஜிதா அவனுக்குக் கிட்டப் போனாள்.

"கச்சான் கருவாடு எண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. நானா நினைச்சுக்கிட்டேன்." அவன் நிலத்தைப் பார்த்தான். "விடுங்க அக்கா. இந்த ஊர்ல எனக்கு முதல்ல வீடு குடுத்தது அவங்கதான்."

அவன் பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. உலகத்தில் அப்படி ஒரு கருவாடு கிடையாது. அந்தச் சொல்லை வாயில் வைத்திருந்தவர்கள் இந்த வீட்டில் இரண்டே பேர். ஒருத்தி அவள்.

படியில் ஏறும்போது அவளுக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது, மறைப்பானேன். கடலைக் கதையோடு நிறுத்திவிடலாம். பாதி உண்மை, கேட்க நல்லாயிருக்கிறது. அதைக் கிழவர் நம்பாவிட்டால் போகிறது. போகப்போவது முகிலன், தம்பி இல்லை. மூன்று படி ஏறுவதற்குள் அந்த எண்ணம் அவளுக்கு எவ்வளவு இனித்தது! இனித்ததை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

குசினிக்குள் வந்து ஹோர்லிக்ஸ் போத்தலை எடுத்து மேசை நடுவில் வைத்தாள்.

"முகிலன் கேட்டவர்" என்றாள். "முதல் கூட்டத்தன்றே கேட்டிருக்கிறார், கச்சான் எண்டால் என்னெண்டு. பிழையான பதில் கிடைச்சிருக்கு. கச்சான் ஒரு கருவாடு எண்டு அவருக்குச் சொல்லியிருக்கினம். அதை நம்பித்தான் மீன் மணமும் படக்கூடாதெண்டு கம்பியைத் தேய்ச்சவர். ஜனாவைக் காப்பாத்தத்தான் அவ்வளவு பாடு பட்டது. நாங்கள் அதையே சந்தேகமாப் பாத்துக்கொண்டு இருக்கிறம்."

"ஆரக்கா அப்பிடிச் சொன்னது?" என்றான் கஸ்பர்.

றஜிதா போத்தலைத் திருப்பி எழுத்தைக் காட்டினாள். "இது என்ரை எழுத்து. சின்னனிலை திலக்சன் கச்சானை முழுக்கத் திண்டு முடிப்பான். கருவாடு எண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவான். அதாலை நான் இதை ஒட்டி, 'உது கச்சான் கருவாடு, கிட்டப் போகாதை' எண்டு சொல்லி வைச்சனான். கன காலம் நம்பினவன்." அவள் தம்பியைப் பார்த்தாள். "நான் வந்த உடனை நீ சொன்னனி, எல்லாம் என்னாலைதான் எண்டு. சட்டத்தைச் சொல்லுறாய் எண்டு நான் நினைச்சன். நீ உண்மையைத்தான் சொன்னனி. நான்தான் காது குடுக்கேல்லை."

திலக்சன் முகத்தை இரண்டு கையாலும் மூடினான்.

"பகிடிக்குச் சொன்னனான் அக்கா. புதுசா வந்தவன், எல்லாருமாச் சேர்ந்து அவன்ரை தமிழை நையாண்டி பண்ணிக்கொண்டிருந்தனாங்கள். அவன் மெல்லமா என்னட்டை வந்து கேட்டவன். நான் உதைச் சொல்லிப்போட்டு அண்டைக்கே மறந்துபோனன்."

"எப்ப ஞாபகம் வந்தது?"

"ஜனா விழேக்கை."

"பிறகு ஏன் வாய் திறக்கேல்லை?"

"எல்லாரும் முகிலைத்தான் பாத்தவை." கைகளை எடுக்காமலே சொன்னான். "ஒருத்தரும் என்னைப் பாக்கேல்லை. நான் பேசாமல் நிண்டிட்டன்."

பகிடி சின்னக் குற்றம். பேசாமல் நின்ற அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் பெரிய குற்றம். அதை அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். றஜிதா போனை எடுத்து, சண்முகநாதனின் இலக்கத்தை அழுத்தி, தம்பி முன்னால் வைத்தாள்.

அவன் கதைத்தான். பாதியில் அழுதான். முழுக்கச் சொன்னான். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி மெஷின் ஒன்று மட்டும் கேட்டது.

"நாளைக்கு வா" என்றார் கடைசியில் சண்முகநாதன். "ஜனாவுக்கு முன்னாலை நிண்டு சொல்லு. அந்தப் பெடியனையும் கூட்டிக்கொண்டு வா. நான் அவனோடை கதைக்கவேணும். கொலிச்சுக்கு நான் போகேல்லை." பிறகு, "போக வேண்டியது நீ. உன்ரை நங்கூரத்தைப் பற்றி நீயே போய்ச் சொல்லு" என்றார்.

அப்படியென்றால் கோடை நிகழ்ச்சிகள் இல்லை. சங்கமே மிஞ்சுமோ தெரியாது. திலக்சன் "ஓம் அங்கிள்" என்றான்.

பேஸ்மென்ற் கதவடியில் சூட்கேசோடு முகிலன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ. திலக்சன் எழும்பி அவனுக்கு முன்னால் போனான். இதற்குத் தமிழில் என்ன சொல்வதென்று சட்டம் போட்டவனுக்குத் தெரியவில்லை.

"ஸொறி, மச்சான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. திலக்சன் தானாகவே போய்ச் சாடியை எடுத்தான். கோப்பையில் விளிம்பு தட்ட ஊற்றி ஒரே மூச்சில் குடித்தான். கண்ணில் நீர் முட்டியது. இரண்டாவது கோப்பைக்குச் சாடியைச் சரித்தபோது முகிலன் சூட்கேசை விட்டுவிட்டு வந்து கையைப் பிடித்தான்.

"போதும், விடுங்க."

றஜிதா தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவித் தம்பியிடம் நீட்டினாள்.

"எனக்கும் ஊத்து" என்றாள். "எழுதி ஒட்டினது நான்தானே."