ஓல்டர்மோர் நிலையத்தில் முத்திரை குத்தாத டிக்கெட்

அந்தக் கண்களை நம்பியதுதான் ஹென்னிங் செய்த தப்பு.

மழை என்றால் மழை, அப்படியொரு மழை. ஓல்டர்மோர் நிலையத்தின் ஒற்றைக் கூரைக்குக் கீழே அடித்துப் பிடித்து ஒதுங்கியவன், அங்கே நின்றவளின் காப்பியைத் தட்டிவிட்டான்.

"ஐயோ, மன்னிச்சிடுங்க..."

"பரவாயில்லை, ஏற்கெனவே ஆறிப்போச்சு. இந்த ஸ்டேஷன்ல உருப்படியா ஒண்ணுமே கிடையாதா?"

அவ்வளவுதான்... ஹென்னிங்குக்குப் பொறுக்கவில்லை. வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் ஊராருக்கு இந்த நிலையத்தைச் சுற்றிக் காட்டி அதன் கதையைச் சொல்வதுதான் அவனுக்குப் பைத்தியம்.

"இப்ப ரொட்டி விக்கிறாங்களே, அந்த ஜன்னல்தான் அந்தக் காலத்து டிக்கெட் கவுண்டர். சைக்கிள் நிறுத்துற இடம் முதல் வகுப்புக் காத்திருப்பு அறை. வெல்வெட் நாற்காலியெல்லாம் இருந்தது, தெரியுமா?"

"கொடுத்து வெச்ச சைக்கிள்..."

சிரித்தாள். மழை வெளிச்சம் முழுக்க அந்தச் சாம்பல் நிறக் கண்களில் இருந்தது. பெயர் இம்கே என்றாள்.

மாடியில் குடியிருந்த நிலைய அதிகாரியின் மனைவி, ரயில் அதிர்வில் தன் கேக் அமுங்கிப்போகிறது என்று மேலிடத்தில் சண்டை போட்ட கதையைச் சொன்னான்.

"அப்புறம்?"

அவனிடம் யாரும் அப்புறம் கேட்டதில்லை. அவன் வாயைத் திறந்தாலே வீட்டில் எல்லோருக்கும் வேலை வந்துவிடும். இவளோ கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். நகரத்துக்குப் போகும் ரயில் ஒன்று வந்து போனது. இன்னொன்றும் போனது. மூன்றாவதில்தான் இருவரும் சிரித்தபடி ஏறினார்கள்.

பெட்டியின் மறுகோடியில் ஏறிய தடித்த மனிதர் இம்கேயை முறைத்தார். கதவு மூடியது. அவள் சிரிப்பு அப்படியே அணைந்துபோனது. கோட்டுக்குள்ளிருந்து ஓர் அடையாள அட்டை வெளியே வந்தது.

"டிக்கெட்டைக் காட்டுங்க."

விளையாட்டு என்றுதான் நினைத்தான். மறுகோடியில் அந்த மனிதரும் அதே அட்டையை நீட்டி, டிக்கெட் கேட்டுக்கொண்டு வந்தார்.

பரிசோதகர்களா... சாதாரண உடுப்பில்...

பையிலிருந்து டிக்கெட்டை எடுத்தான். முத்திரை இல்லை. ஏறுமுன் நடைமேடை மெஷினில் முத்திரை குத்தாவிட்டால் டிக்கெட் வெறும் காகிதம்தான். பிறந்ததிலிருந்து ஒரு நாளும் மறந்ததில்லை. பெட்டியே அவனைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

"இதுக்குத்தான் அவ்வளவு கேள்வி கேட்டீங்களா?"

அவள் முகம் வெளுத்தது. "இல்லை..." என்று தொடங்கினாள். அந்தத் தடித்த மனிதர் பக்கத்தில் வந்து நின்றார். அவள் அபராதம் எழுதினாள்.

அபராதம் கிடக்கட்டும். தன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஒருத்தி... அதுவும் ஆளைச் சிக்கவைக்கத்தானா? அந்த வாரம் முழுக்க அவனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

ஞாயிறு வந்தது. கதை கேட்க நாலைந்து பேர் குடையோடு நின்றார்கள். கடைசியில் இம்கே. ஹென்னிங்குக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இன்னிக்கு யாருக்கு வலை? இவங்க எல்லாரும் நடந்து வந்தவங்க."

"நல்லாத் திட்டுங்க. ஆனா ஒண்ணு கேட்டுட்டுத் திட்டுங்க. அன்னிக்கு முதல்ல போன ரயில்லயே நான் ஏறியிருக்கணும். அதுல ஏறின என் கூட்டாளி, அந்தத் தடிச்ச ஆளு, என்னைக் காணாம அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் தேடிக்கிட்டுத் திரும்பி வந்தார். ஏன் நின்னேன்னு மேலதிகாரி கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"ஒருத்தர் பேசிக்கிட்டிருந்தார், விட்டுட்டுப் போக மனசு வரலைன்னு."

"மேலதிகாரிகிட்டயா... இதையா?"

"உண்மை அதுதானே? என்னை வேற லைனுக்கு மாத்திட்டாங்க. இனிமே இந்தப் பக்கம் எனக்கு வேலையே கிடையாது." அவள் நடைமேடை மெஷினைக் காட்டினாள். "அன்னிக்கு நீங்க மெஷின் பக்கம் திரும்பினீங்க. நான்தான் அப்புறம் அப்புறம்னு நிறுத்திட்டேன். சத்தியமா மாட்டிவிட இல்லை. நீங்க நகர்ந்துடக் கூடாதேன்னுதான். உங்களைப் பிடிச்சுப்போச்சு, ஹென்னிங்."

குடைக்காரர்களில் ஒரு அம்மாள் பொறுமையிழந்தாள். "தம்பி, கதையை ஆரம்பிக்கிறீங்களா?"

ஹென்னிங் திரும்பினான்.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றான், இம்கேயின் கையைப் பிடித்தபடி. "இன்னிக்கு எனக்கு இவங்க பேச்சைக் கேக்கணும்."